இலையுதிர்ந்த காட்டில் நமக்கும் வேலை உண்டு



கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கும் வாரம் இது. இனி மாலை ஆராதனைக்கு வருகிறவர்கள் இருளில் வந்து இருளில் வீடு திரும்புவார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இந்த மாதங்களில் உங்கள் வீடுகளுக்கு வந்து ஜெபிக்கும்போது ஒரே பேச்சைப் பல வாய்களிலிருந்து கேட்கிறேன்: "ஐயா, இந்தக் குளிரும் இருட்டும் முடிகிறவரை வீட்டைவிட்டு எங்கேயும் போகத் தோன்றவில்லை." வாரநாள்களில் வேலை, ஞாயிறன்று ஆராதனை, மற்ற நேரமெல்லாம் மூடிய கதவும் ஹீட்டரும் என்று ஐந்து மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

அந்த ஐந்து மாதங்களில்தான் நாம் காட்டுக்குள் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. மே மாதத்தில் நீல மலர்களுக்கு நடுவே குடும்பப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒருநாள் பயணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அதுவும் நல்லதே. ஆனால் இலைகள் உதிரும்போதும் உதிர்ந்த பின்பும், பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு இந்த நாட்டின் இலையுதிர் காடுகளுக்கு நாம் செல்ல வேண்டும். உடலில் வலுவுள்ளவர்கள் அங்கே நடைபெறும் வேலையிலும் பங்கெடுக்க வேண்டும். இதை உடல்நலத்திற்கான ஆலோசனையாக மட்டும் நான் எழுதவில்லை. நாம் குடியிருக்கும் நிலத்திற்கும் நமக்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நம் சபை இன்னும் விடை சொல்லவில்லை.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது?

"இலையுதிர் காடு" என்ற சொல்லை நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் கற்றோம். முதுமலைப் பக்கம் தேக்கு மரங்கள் இலையின்றி நிற்பதைக் கண்ணால் கண்டவர்களும் நம்மிடையே உண்டு. அங்கே மரத்தை வருத்துவது வறட்சி. மண்ணில் நீர் குறையும்போது, இலைகளின் வழியே நீரை இழந்துகொண்டிருக்க மரத்தால் இயலாது. ஆகவே அது இலைகளை உதிர்த்துவிட்டு மழைக்காகக் காத்திருக்கிறது. இங்கிலாந்தில் மண்ணின் ஈரத்திற்குக் குறைவில்லை. இங்கே குறைவது ஒளியும் வெப்பமும். குறுகிய பகலில், குளிர்ந்த காற்றில், மெல்லிய அகன்ற இலைகளைத் தாங்கி நிற்பதால் மரத்திற்கு வரவைவிடச் செலவே மிகுதி. உறைபனி இலைகளைக் கெடுக்கும். குளிர்காலப் புயல் இலையடர்ந்த கிளைகளை எளிதில் முறித்துவிடும்.

பகல் குறுகத் தொடங்கியதை மரம் உணர்ந்துகொள்கிறது. இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன் முதலிய சத்துகளைக் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகும்போது, கோடை முழுவதும் அதன் பின்னே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. பிறகு காம்பின் அடியில் மெல்லிய பிரிவுப் படலம் ஒன்று உருவாகிறது. இலை விழுந்த இடத்தைத் தக்கை போன்ற ஓர் அடுக்கு மூடிவிடுகிறது. இவ்வளவும் ஆன பின்பு சிறு காற்று வந்தாலும் போதும்.

காட்டுக்குச் செல்லும்போது இரண்டு காரியங்களைக் கவனித்துப் பாருங்கள். முதலாவது, இலை விழுந்த தழும்புக்கு மேலே அடுத்த ஆண்டுக்கான மொட்டு ஏற்கெனவே இருக்கும். அது வசந்தத்தில் தோன்றுவதன்று. கோடையிலேயே, இலை பச்சையாய் இருந்தபோதே உருவானது. ஓக் மரக் கிளையின் நுனியில் பழுப்பு மொட்டுகள் கொத்தாக இருக்கும். ஆஷ் மரத்தின் மொட்டு கரியைப்போல் கறுப்பு. பீச் மரத்தின் மொட்டு நீண்டு கூர்மையாக இருக்கும். இலையே இல்லாத ஜனவரியிலும் இவற்றைக் கொண்டு மரங்களைப் பெயர்சொல்லி அழைக்கலாம். சிறுபிள்ளைகள் இதை நம்மைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, கோடைப் புயலில் முறிந்து தொங்கும் கிளை ஏதேனும் கண்ணில் பட்டால் அருகே சென்று பாருங்கள். அதன் இலைகள் காய்ந்து சருகாகியிருக்கும், ஆனால் உதிர்ந்திருக்காது. மற்றக் கிளைகள் எல்லாம் வெறுமையான பின்னும் அது மட்டும் தன் சருகுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். இலையை உதிர்ப்பதற்கும் உயிர் வேண்டும். செத்த கிளையால் அந்தப் பிரிவுப் படலத்தை உண்டாக்க முடியாது. இந்த ஆண்டில் எதையேனும் விட்டுக்கொடுக்க நேர்ந்தவர்கள், வேலையை, வீட்டை, பிரியமான ஒருவரை இழந்தவர்கள், அந்தக் கிளையின் அருகே சற்று நேரம் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குமேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மடாலயத்தின் காடு

இந்த மாதத் தொடக்கத்தில் சபையாரில் சிலரோடு சஃபோக் கவுண்டியிலுள்ள பிராட்ஃபீல்ட் வுட்ஸ் என்னும் காட்டிற்குச் சென்றிருந்தேன். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவில் அது இருக்கிறது. தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளது. பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண் நிலம் அது. மழை பெய்துவிட்டால் காலணியைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். காட்டின் எல்லையில் பழைய மண்கரையும் பள்ளமும் ஓடுகின்றன. இடைக்காலத்தில் மேய்ச்சல் ஆடுமாடுகள் உள்ளே புகாதபடி மனிதர் கையால் வெட்டி உயர்த்திய கரை அது. இன்று ஏரிக்கரையைப்போல் தணிந்து, அதன்மேலும் மரங்கள் நிற்கின்றன.

பெரி நகரத்திலிருந்த புனித எட்மண்டின் மடாலயத்திற்கு இந்தக் காடு சொந்தமாக இருந்தது. காட்டின் ஒரு பகுதிக்கு இன்றும் துறவியர் பெயரே வழங்குகிறது. 1252ஆம் ஆண்டிலிருந்து இது முறையாக வெட்டிப் பராமரிக்கப்பட்டு வருவதற்குப் பதிவுகள் உள்ளன. எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில், 1539இல், அந்த மடாலயம் கலைக்கப்பட்டது. அதன் கற்களை ஊரார் பெயர்த்துக்கொண்டு போயினர். இன்று நகரப் பூங்காவில் அதன் சிதைவுகளை நாம் காணலாம். துறவியர் போன பின்பும் காட்டு வேலை நிற்கவில்லை. வேறு உரிமையாளர்கள் வந்தனர். அதே மரங்களை அதே முறையில் வெட்டினர். ஏறத்தாழ 770 ஆண்டுகளாக அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

"வெட்டிப் பராமரிக்கப்பட்டு" என்ற சொல் உங்களில் சிலருக்கு முரணாகத் தோன்றலாம். எங்களோடு வந்திருந்த வயது முதிர்ந்த தாயார் ஒருவருக்கும் அப்படியே தோன்றியது. காட்டின் நடுவே ஒரு திறந்த வெளியைக் கண்டோம். அடிமரங்கள் முழங்காலுக்கும் கீழே வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டையிலிருந்தும் மெல்லிய கழிகள் மார்பளவு உயரத்திற்குக் கிளம்பியிருந்தன. சுற்றிலும் வேலி. அந்தத் தாயார் நின்று பார்த்துவிட்டு, "ஐயா, மரங்களை எல்லாம் வெட்டிவிட்டுக் குச்சிகளுக்கு வேலி போட்டிருக்கிறார்களே!" என்றார். ஊரில் கரும்பு பயிரிட்ட பெரியவர் ஒருவர் உடனே பதில் சொன்னார்: "அக்கா, இது மறுதாம்பு. நம் ஊரில் கரும்பை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் அல்லவா? இவர்கள் காட்டையே அப்படி வளர்க்கிறார்கள்."

அவர் சொன்னது மிகச் சரி. ஹேசல், ஆஷ், மேப்பிள் போன்ற இந்நாட்டு மரங்களை அடியோடு ஒட்டி வெட்டினால் அவை சாவதில்லை. வேர் உயிரோடிருப்பதால் தூரிலிருந்து பல கழிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஹேசலை ஏழு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஆஷ் போன்றவற்றை இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வெட்டுவார்கள். முழுக் காட்டையும் ஒரே ஆண்டில் வெட்டுவதில்லை. பாகம் பாகமாகப் பிரித்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு பாகமாகச் சுற்றிவருவார்கள். வீடு கட்டும் உத்திரங்களுக்காக ஓக் மரங்கள் சிலவற்றை இடையிடையே ஓங்கி வளர விடுவார்கள். வேலித் தட்டிகள், கூரை வேயும் முளைகள், அவரைக் கொடிக்குக் கொழுகொம்புகள், கருவிகளின் கைப்பிடிகள், அடுப்புக்கு விறகு என்று கிராமத்தின் தேவைகள் இந்தக் கழிகளால் நிறைவேறின.

இவ்வாறு வெட்டப்பட்ட மரம் வெட்டப்படாத மரத்தைவிட நெடுங்காலம் வாழ்கிறது என்பதே வியப்புக்குரியது. தானாக வளரவிட்ட ஆஷ் மரம் பொதுவாக இருநூறு முந்நூறு ஆண்டுகளில் முதிர்ந்து சாய்ந்துவிடும். பிராட்ஃபீல்டில் மறுதாம்பாக வெட்டப்பட்டு வரும் ஆஷ் தூர் ஒன்றின் வயது ஏறத்தாழ 1000 ஆண்டுகள் என்று மதிக்கிறார்கள். மடாலயம் உயர்ந்ததும் வீழ்ந்ததும் அதன் ஆயுளுக்குள் நடந்த காரியங்கள்.

ஒளியும் பூக்களும்

இந்த வெட்டுதலால் பயன்பெற்றவர்கள் மனிதர் மட்டும் அல்லர். இலையுதிர் காட்டின் தரையில் வாழும் செடிகளின் வாழ்க்கை முழுவதும் ஒளிக்கான அவசரத்தில் அமைந்தது. மரங்கள் இலை விட்டுவிட்டால் தரை இருண்டுவிடும். ஆகவே மார்ச் முதல் மே வரை, மேலே கூரை மூடுவதற்கு முன், அவை துளிர்த்துப் பூத்து விதைத்து முடித்துவிட வேண்டும். மார்ச்சில் வெண்ணிற வுட் அனிமோனியும் இளமஞ்சள் பிரிம்ரோஸும் வருகின்றன. ஏப்ரலின் இறுதியில் புளூபெல் வருகிறது. சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளின் களிமண் காடுகளில் ஆக்ஸ்லிப் என்னும் மஞ்சள் மலரையும் காணலாம். இந்நாட்டின் மற்றப் பகுதிகளில் அது அரிது. காட்டின் ஒரு பாகம் வெட்டப்பட்டதும் ஒளி தரையைத் தொடுகிறது. அடுத்தடுத்த வசந்தங்களில், ஆண்டுக்கணக்காக நிழலில் ஒடுங்கியிருந்த செடிகளும் மண்ணில் உறங்கிய விதைகளும் எழும்பிப் பூக்கின்றன. கழிகள் வளர்ந்து மறுபடி நிழல் சேரும்போது அந்தப் பூக்களின் முறை முடிந்து, அடர்ந்த புதரை நாடும் பறவைகளின் முறையும், ஹேசல் கொட்டையை உண்டு வாழும் டோர்மவுஸ் என்னும் சிறு பிராணியின் முறையும் வருகின்றன. பிராட்ஃபீல்டில் 350க்கும் மேற்பட்ட செடிவகைகள் பதிவாகியுள்ளமைக்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம்.

இந்தச் செடிகள் மிக மெதுவாக நகர்கிறவை. புளூபெல் விதை முளைத்துப் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். வுட் அனிமோனி நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு அடி தூரமே பரவுகிறது என்கிறார்கள். ஒரு காட்டின் தரை முழுவதும் அந்த வெண்மலர்கள் விரிந்திருந்தால், அந்தத் தரையை எத்தனை நூற்றாண்டுகளாக யாரும் உழவில்லை என்று எண்ணிப் பாருங்கள். 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருந்துவரும் இடத்தையே இங்கிலாந்தில் 'பழங்காடு' என்று வகைப்படுத்துகிறார்கள். ஐக்கிய இராச்சியத்தின் நிலப்பரப்பில் இத்தகைய காடு இரண்டரை சதவீதம் அளவே எஞ்சியிருக்கிறது.

காவல் இல்லாத இடத்தில்

மரத்தை வெட்டியதால் காடு அழிந்தது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கேம்பிரிட்ஜ் தாவரவியல் அறிஞர் ஆலிவர் ராக்கம் (1939–2015) பிராட்ஃபீல்டையும் இப்பகுதியின் மற்றக் காடுகளையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். கோடரியால் காடு அழிவதில்லை, வெட்டியபின் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதாலேயே அழிகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இதே காடு அதற்குச் சாட்சி. 1960களில் இதன் ஏறத்தாழப் பாதியை வேரோடு பெயர்த்து வயலாக்கிவிட்டார்கள். உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்றனர். எஞ்சிய பகுதி 1970இல் இயற்கைப் பாதுகாப்புக்காக விலைக்கு வாங்கப்பட்டது. எழுநூறு ஆண்டு வேலையில் பாதி, சில ஆண்டுகளில் போய்விட்டது.

அழிக்கப்படாமல் கைவிடப்பட்ட காடுகளும் உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் விறகின் இடத்தைப் பிடித்த பிறகு, மறுதாம்புக் காடுகளுக்கு ஆள்கள் வருவது நின்றுபோயிற்று. கழிகள் முதிர்ந்து, நிழல் இறுகி, தரையின் பூக்கள் மறைந்தன. அடர்ந்த இளம் புதரில் கூடு கட்டும் நைட்டிங்கேல் பறவை கடந்த அரை நூற்றாண்டில் இந்நாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. இவ்வாறு காடு கைவிடப்பட்டதும் அதற்குக் காரணங்களில் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரலில் இங்கு வந்து சேரும் பறவை அது. அது வந்து தங்குவதற்கு இங்கே சிலர் கை வலிக்க உழைத்திருக்க வேண்டும்.

வெட்டினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓநாயும் லிங்ஸும் இந்நாட்டில் எப்போதோ அற்றுப்போனதால் மான்களைக் கட்டுப்படுத்தும் விலங்கு இல்லை. சீனத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட மன்ட்ஜாக் மானும் இப்போது எங்கும் பெருகிவிட்டது. வெட்டிய தூரில் துளிர்க்கும் இளந்தளிரே அவற்றுக்கு விருப்பமான உணவு. காவலின்றி விட்டால் தூர் துளிர்த்துத் துளிர்த்துக் களைத்துச் செத்துப்போகும். அந்தத் தாயார் கண்ட வேலி இதற்காகத்தான்.

இங்கே ஒரு போதகனாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். துன்பத்தில் இருக்கிறவரிடம், "தேவன் உங்களைக் கழித்துச் சுத்தம் செய்கிறார், நீங்கள் அதிகமாய்க் கனி கொடுப்பீர்கள்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வெட்டுண்ட தூரைச் சுற்றிச் சில ஆண்டுகள் வேலி நிற்க வேண்டும் என்று காட்டுக்காரனுக்குத் தெரியும். வெட்டுண்ட மனிதரைச் சுற்றி எத்தனை மாதங்கள் நாம் நிற்கிறோம்? ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் மனிதனிடம் ஒரு தோட்டத்தை ஒப்படைக்கும்போது, நிலத்தைப் பண்படுத்துவதையும் அதைக் காப்பதையும் சேர்த்தே ஒப்படைக்கிறது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை.

மூன்று மறுமொழிகள்

நான் இப்படிப் பேசத் தொடங்கினால் சபையில் எழும் மறுப்புகளை அறிவேன்.

"நாம்தான் மரக்கன்று நட்டோமே" என்பது முதலாவது. நட்டது நன்று, நட்டதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் நடுவதும் காப்பதும் வெவ்வேறு வேலைகள். ஆஷ் மரம் இந்நாட்டில் தானாகவே விதை விழுந்து முளைக்கக்கூடியது. அப்படியிருந்தும் ஆஷ் கன்றுகளைக் கடல் தாண்டி வரவழைத்து நட்டார்கள். அந்த மரத்தைக் கிளை நுனியிலிருந்து சாகடிக்கும் பூஞ்சை நோய், 2012இல் இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வந்த கன்றுகளில்தான் காணப்பட்டது. கிழக்கு ஆசியாவில் தோன்றிய அந்த நோய் காற்றாலும் பரவி வந்திருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் கன்றுகளின் வழியாக நாமே அதற்குக் கதவைத் திறந்துவிட்டோம். காலப்போக்கில் ஆஷ் மரங்களில் பெரும்பகுதியை இழக்க நேரிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். பிராட்ஃபீல்டின் ஆஷ் மரங்களும் இதற்குத் தப்பவில்லை. புதிதாக நடுவதற்கு ஒரு நாளும் ஒரு புகைப்படமும் போதும். ஏற்கெனவே நிற்பதைக் காக்க ஆண்டுதோறும் திரும்பி வரும் ஆள்கள் வேண்டும்.

"ஆத்துமாக்களைக் குறித்துப் பேச வேண்டிய சபைக்குக் காட்டில் என்ன வேலை?" என்பது இரண்டாவது. படைத்தவரைத் துதிக்கிறோம், அவர் படைத்ததன் பெயர்கூட நமக்குத் தெரியாது என்றால் அந்தத் துதி எவ்வளவு ஆழமானது? நம் பிள்ளைகள் வேதத்திலுள்ள கேதுருவையும் அத்திமரத்தையும் அறிவார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் நிற்கும் மரத்தின் பெயரை அறியார்கள்.

மூன்றாவது மறுப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை. "அது அவர்களுடைய காடு, ஐயா." கிராமப்புறப் பாதைகளில் நம்மைப் போன்ற முகங்களைக் காண்பது அரிது என்பது மெய். சிலர் உற்றுப் பார்ப்பதும் மெய். அந்தத் தயக்கத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் சட்டப்படி உங்களுக்குள்ள உரிமையை அறிந்திருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பொதுவழிகள் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளத்திற்கு உள்ளன. அவற்றில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதுமில்லை.

தயக்கத்திற்கு இன்னும் ஆழமான வேர் ஒன்று உண்டு. "எப்படியும் ஒருநாள் ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருபது, முப்பது ஆண்டுகளை இங்கே கழித்துவிட்டோம். வேலைக்காக வந்தவர்களும் அப்படியே. போரினால் பெயர்க்கப்பட்டு வந்தவர்களும் அப்படியே. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களும் இதே எண்ணத்தில்தான் இருந்தார்கள். விரைவில் திரும்பிவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். எரேமியா அவர்களுக்கு எழுதிய கடிதத்தை இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நன்மையை நாடுங்கள் என்பதே அதன் சாரம். தங்கள் விருப்பத்தோடு வராத ஒரு தேசத்திற்கே அவர்கள் நன்மை நாட வேண்டியிருந்தது. நம்மில் பெரும்பாலோர் விரும்பி விண்ணப்பம் போட்டு வந்தவர்கள். இந்த நிலத்தின் நீரைக் குடிக்கிறோம். நம் பெற்றோர் சிலரை இந்த மண்ணிலேயே அடக்கம் செய்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு வேறு ஊர் தெரியாது. இனியும் இதை விடுதி அறையைப்போல் நடத்துவது சரியன்று என்று நினைக்கிறேன்.

என்ன செய்யலாம்?

மறுதாம்பு வேலை இந்த அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை, மரங்கள் உறங்கும் காலத்தில் நடைபெறும். பல காடுகளில் தன்னார்வலர்களே அதைச் செய்கிறார்கள். முன் அனுபவம் தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் கருவிகளையும் கையுறைகளையும் அவர்களே கொடுத்து, செய்யும் முறையையும் சொல்லித் தருவார்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள காடு எது, அதைப் பராமரிப்பவர்கள் யார் என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். இளைஞர் ஐக்கியம் இதை முன்னின்று நடத்தினால் நான் மகிழ்வேன். வெட்டும் வேலை இயலாதவர்கள் கழிகளை அடுக்கலாம். அதுவும் இயலாதவர்கள் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவரலாம்.

வேலைக்குச் செல்லாதவர்களும் நடக்கச் செல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஹேசல் மரத்தில் மஞ்சள் குஞ்சங்கள் தொங்கும். அதே கிளையில் குண்டூசித் தலையளவு செந்நிறப் பெண்பூவும் இருக்கும்; பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வசந்தத்தில் பூக்கள் வந்தபின் பாதையைவிட்டு விலகாதீர்கள். மிதிபட்ட புளூபெல் செடி மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காளான்களை அறியாமல் பறித்துச் சமைக்க வேண்டாம். உயிரைக் குடிக்கும் வகை ஓக் மரத்தடியிலும் வளர்கிறது. வெப்பமான மாதங்களில் நீண்ட காற்சட்டை அணிந்து செல்லுங்கள்; வீடு திரும்பியதும் உண்ணி ஏதும் கடித்திருக்கிறதா என்று உடலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்காலத்தில் வெட்டப்படும் ஒரு பாகத்தில் பூக்கள் நிறைய அடுத்தடுத்த வசந்தங்கள் வரவேண்டும். அதே தூரை மறுபடி வெட்டும் நாளில் இன்று ஞாயிறுப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் வாலிபராய் இருப்பார்கள். அவர்கள் கையில் அரிவாள் இருக்குமா என்பது, நாம் இப்போது அவர்களை எங்கே அழைத்துச் செல்கிறோம் என்பதைப் பொறுத்தது. நவம்பர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, வானிலை எப்படியிருந்தாலும், நான் போகிறேன். வர விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்தபின் என்னிடம் பெயர் கொடுங்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி கட்டாயம்.

எங்களைப் படைத்தவரே, நீர் எங்களைக் கொண்டுவந்து வைத்த நிலத்தைப் பண்படுத்தவும் காக்கவும் எங்களுக்குக் கையும் மனமும் பெலனும் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்